பதற்றம் தணிக்கும் சப்ளிமென்ட்: மேசையில் மூன்று டப்பாக்கள், எதைத் திறக்கலாம்?

தவிட்டியின் ஆள்

வணக்கம். என் நாய் தவிட்டிக்கு ஆறு வயது. பெட்டை, கலப்பினம், 14 கிலோ. இடி என்றால் அவளுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. முதல் மின்னலுக்கே குளியலறைக்குள் ஓடி, வாளிக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைச் செருகிக்கொள்கிறாள். நேற்று இரவு அவள் நடுங்கிய நடுக்கத்தில் வாளியின் இரும்புக் கைப்பிடி கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மழை நின்று முக்கால் மணி நேரம் கழித்தும் அந்தச் சத்தம் ஓயவில்லை. நானும் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போது என் மேசையில் மூன்று டப்பாக்கள் இருக்கின்றன.

ஒன்று, நாய்களுக்கென்றே விற்கும் மெல்லும் மாத்திரை. இணையத்தில் வாங்கியது, கோழி வாசனை. லேபிளில் உள்ளது அப்படியே: "அமைதிக் கலவை 850 மி.கி. (தியானின், சீமைச் சாமந்தி, வலேரியன் வேர், கிரிஃபோனியா விதைச் சாறு, மெக்னீசியம்)".

இரண்டு, அம்மா தூக்கத்துக்குச் சாப்பிடும் மெலடோனின் கம்மி. "சர்க்கரை சேர்க்கப்படாதது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நல்லதுதானே?

மூன்று, நண்பர் ஒருவர் கொடுத்த சிபிடி எண்ணெய். சொட்டு மூடியுள்ள சின்னப் பாட்டில்.

இன்று இரவும் மழை வரும்போல் இருக்கிறது. இவற்றில் எது பாதுகாப்பானது?


ஊளை

முதலில் வாளியை வெளியே எடுங்கள்.


ஈரமூக்கு

ஊளை, வேடிக்கை இருக்கட்டும். தம்பி, முதல் டப்பாவைக் கொடுங்கள். சாமந்தி, வேர், விதை என எல்லாமே செடியில் வருபவை. என் நாய்க்கு ஆண்டுக்கணக்கில் மூலிகைப் பொடிதான். ரசாயன மருந்தின் பக்கமே நான் போனதில்லை. இயற்கையானது கெடுதல் செய்யாது.


வால்நட்சத்திரம்

தவிட்டியின் ஆள், இதைப் படித்ததும் எழுந்து போய் இரண்டாவது டப்பாவை நாய்க்கு எட்டாத அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

வைத்தாயிற்றா? சரி. சர்க்கரை சேர்க்காத கம்மியில் இனிப்புக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பின்பக்கச் சிற்றெழுத்தில் பாருங்கள். சைலிட்டால் என்று இருக்கலாம். பிர்ச் சர்க்கரை என்றோ ஈ967 என்றோ வேறு பெயரிலும் ஒளிந்திருக்கும். மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது. நாயின் உடம்போ அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். பல நாய்களில் அரைமணி, ஒரு மணிக்குள் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இது நடக்கலாம். தவிட்டியின் எடைக்கு 1.4 கிராம். அளவு கூடினால் கல்லீரலும் சேர்ந்து போகும்.

இத்தனைக்கும் மெலடோனின் மேல் பெரிய குற்றமில்லை. கால்நடை மருத்துவர்களே சில நாய்களுக்கு எழுதித் தருகிறார்கள். நாயைக் கொல்வது கூட வரும் இனிப்புத்தான். "செயல்படும் மூலப்பொருள்" என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுக் கீழே "இதர பொருட்கள்" என்பதைத் தாண்டிப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன்.


தவிட்டியின் ஆள்

பார்த்துவிட்டேன் அக்கா. இதர பொருட்களில் இரண்டாவதே சைலிட்டால். கை நடுங்குகிறது. நேற்று இரவு ஒன்றைப் பாதியாக உடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டுகூட இருந்தேன். அவள் வாளிக்குப் பின்னாலிருந்து வரமாட்டேன் என்றதால் கொடுக்கவில்லை.


மருந்துச்சீட்டு

மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் இருபது ஆண்டுகளாக நிற்பவன் நான். கால்நடை மருத்துவர் இல்லை. லேபிள் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். முதல் டப்பாவைப் பற்றி இரண்டு சங்கதிகள்.

முதலாவது, "அமைதிக் கலவை 850 மி.கி." என்பது ஒரு மூட்டை. அதற்குள் தியானின் 5 மி.கி. இருக்கிறதா 500 மி.கி. இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? செய்தவனுக்கு மட்டும்தான். அளவு தெரியாத பொருளை எடைக்கு ஏற்பக் கணக்கிட முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் மில்லிகிராம் எழுதியிருக்க வேண்டும். தொகுதி எண், காலாவதி நாள், தயாரிப்பாளரின் முகவரி ஆகியவை வேண்டும். தனி ஆய்வகத்தில் சோதித்த அறிக்கையைக் கேட்டால் அனுப்ப வேண்டும். இவை இல்லாத டப்பாவை நான் என் நாய்க்குத் திறக்கமாட்டேன்; அதன் மேல் எத்தனை நாய்ப் படம் போட்டிருந்தாலும் சரி.

இரண்டாவதுதான் முக்கியம். கிரிஃபோனியா விதைச் சாறு என்று படிக்கச் சாதுவாக இருக்கிறது அல்லவா? அந்த விதையிலிருந்து எடுப்பது 5-எச்டிபி. உடம்புக்குள் போய் செரடோனினாக, அதாவது நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருளாக, மாறும் பொருள் அது. மனிதர்களுக்குத் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் விற்கிறார்கள். நாய்க்கு அளவு மீறினால் செரடோனின் நஞ்சேற்றம். அமெரிக்காவில் 1989 முதல் 1999 வரை பதிவான 21 நாய்களின் நிகழ்வுகளை 2000-ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் நஞ்சு காட்டிய மிகக் குறைந்த அளவு கிலோவுக்கு 23.6 மி.கி. உயிரைக் குடித்த மிகக் குறைந்த அளவு கிலோவுக்கு 128 மி.கி. தவிட்டிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 330 மி.கி. முதல் ஆபத்து எல்லை. உங்கள் 850 மி.கி. மூட்டைக்குள் அது எவ்வளவு என்று லேபிள் சொல்லவில்லை. குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பலாம். ஆனால் கோழி வாசனை போட்ட மாத்திரையை நாய் ஒன்றோடு நிறுத்தாது. டப்பாவைக் கடித்துத் திறந்து முழுவதையும் தின்ற நாய்களைப் பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறேன்.


ஈரமூக்கு

விதைச் சாறுதானே ஐயா. மாத்திரையில் வரும் ரசாயனத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே.


வால்நட்சத்திரம்

அரளியும் செடிதான்.


மூன்று நாய் வீடு

நான் வழக்கமாக எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போகிறவள். இந்த இழையில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தூக்கம் வராமல் 5-எச்டிபி வாங்கி வைத்திருந்தேன், 100 மி.கி. கேப்சூல். கைப்பையில் இருந்தது. எங்கள் கடைக்குட்டி, ஒன்பது கிலோ இருப்பான், பையைக் கிழித்து டப்பாவை எடுத்துவிட்டான். நான் பார்க்கும்போது தரையில் ஐந்து வெற்று ஓடுகள்தான் கிடந்தன. "மூலிகைச் சத்துதானே, தூங்கிவிடுவான்" என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஒரு மணி நேரம்.

தூங்கவில்லை. முதலில் எச்சில் நூலாக ஒழுகியது. பிறகு வாந்தி. கண்ணின் கருமணி அகல விரிந்து, கதவு எது சுவர் எது என்று தெரியாமல் நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டான். தொட்டால் துள்ளினான். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. மருத்துவமனையில் குளிர்வித்து, நரம்பில் திரவம் ஏற்றி, நடுக்கத்துக்கு ஊசி போட்டு, ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். பார்வை மறுநாள் திரும்பியது. பிழைத்துவிட்டான்.

அங்கே முதலில் கேட்ட கேள்வி, "டப்பா எங்கே?" நான் வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடியிருந்தேன். யாருக்கு இப்படி நேர்ந்தாலும் நாயோடு டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வீட்டிலேயே வாந்தி எடுக்கவைக்கிறேன் என்று உப்பு, எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்காமல் ஒன்றும் செய்யாதீர்கள்.


ஈரமூக்கு

அம்மா, படித்தேன். உங்கள் பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம். விதையைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மற்ற மூலிகைகளைப் பற்றி நான் நினைப்பது மாறவில்லை, ஆனால் என் பொடியின் லேபிளை இப்போதுதான் கண்ணாடி போட்டுப் படிக்கிறேன்.


மருந்துச்சீட்டு

படியுங்கள் ஐயா, படித்துவிட்டு இங்கே எழுதுங்கள். சீமைச் சாமந்தியும் வலேரியனும் சிறு அளவில் பெரும்பாலான நாய்களை ஒன்றும் செய்வதில்லை, நன்மையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாய்களில் உறுதியான சான்று மிகக் குறைவு. இரண்டு பெயர்களை மட்டும் தேடுங்கள். ஒன்று ஹாப்ஸ், பீர் செய்யப் போடும் பூ, மனிதத் தூக்கக் கலவைகளிலும் வரும். நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். மற்றொன்று தேயிலைச் சாறு. தியானின் தேயிலையில் இருப்பதுதான், ஆனால் பிரித்தெடுத்த தியானின் வேறு, முழுத் தேயிலைச் சாறு வேறு. சாற்றில் காஃபீனும் கூடவே வரலாம். பதற்றத்துக்குக் காஃபீன் கொடுப்பது எரிகிற விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதுதான்.


தவிட்டியின் ஆள்

மூன்று டப்பாவில் இரண்டு போய்விட்டது. எண்ணெய்? நண்பர் அதைச் சணல் எண்ணெய் என்கிறார்.


மருந்துச்சீட்டு

சணல் என்றதும் சாக்குத் தைக்கும் சணலை நினைத்துவிடாதீர்கள் தம்பி. இது கஞ்சாச் செடியின் இனம். போதை தரும் டிஎச்சி குறைவாக இருக்கும்படி வளர்த்த வகை. அதிலும் விதை எண்ணெய் வேறு, அந்தச் செடியில் உள்ள சிபிடி என்ற போதை தராத பொருளைப் பிரித்தெடுத்த எண்ணெய் வேறு. விதை எண்ணெயில் சிபிடி இருப்பதே அரிது.

உங்கள் பாட்டிலில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா? டிஎச்சி எவ்வளவு என்று ஆய்வக அறிக்கை இருக்கிறதா? இந்த வகைப் பொருட்களில் லேபிளில் இருப்பதும் பாட்டிலில் இருப்பதும் ஒத்துப்போகாதது பலமுறை சோதனையில் தெரியவந்திருக்கிறது. டிஎச்சி கலந்திருந்தால் நாய் தள்ளாடும், சிறுநீர் சொட்டும், கையை ஓங்கினாலே தலையைப் பின்னுக்கு இழுக்கும். ஏற்கெனவே பயந்த நாய்க்கு அது நரகம்.

சுத்தமான சிபிடியே என்றாலும் ஆய்வுகளில் சில நாய்களுக்குக் கல்லீரல் நொதியின் அளவு ஏறியிருக்கிறது. பல மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தையும் அது மாற்றும். வலிப்பு மருந்து சாப்பிடும் நாய்க்கு மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு சொட்டும் கூடாது. மூட்டுவலிக்கு நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு. இடிக்கான பயத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெயரில்லாத பாட்டிலை நண்பருக்கே திருப்பிக் கொடுங்கள். நட்பு கெடாது.


தவிட்டியின் ஆள்

அப்படியானால் எதுவுமே இல்லையா? மழை ஆரம்பித்துவிட்டது. உள்ளே போய்விட்டாள்.


வால்நட்சத்திரம்

இன்று இரவுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். குளியலறைக் கதவைத் திறந்தே வையுங்கள், அவள் தேர்ந்தெடுத்த இடம் அது. ஜன்னலை மூடுங்கள், விளக்கு எரியட்டும், மின்விசிறியை வேகமாக வையுங்கள். தரையில் பழைய போர்வையை விரித்து நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவள் வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக்கொடுங்கள்.


ஈரமூக்கு

இதில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் அம்மா. பயப்படும்போது கொஞ்சினால் பயப்படுவது நல்லது என்று நாய் கற்றுக்கொள்ளும். எங்கள் அப்பா காலத்திலிருந்து சொல்வது.


வால்நட்சத்திரம்

ஐயா, பயம் என்பது அது செய்யும் வேலை இல்லை, அதற்கு நேர்வது. உட்கார், எழுந்திரு என்பதைப் பரிசு கொடுத்துப் பழக்கலாம். நெஞ்சு படபடப்பதைப் பரிசு கொடுத்துக் கூட்ட முடியாது. இடி இடிக்கும்போது உங்கள் கையை யாராவது பிடித்துக்கொண்டால் அடுத்த முறை இன்னும் அதிகமாகப் பயப்படுவீர்களா? ஒதுங்கியிருக்க விரும்பும் நாயை இழுத்து வைத்துக் கொஞ்சுவதுதான் தவறு. அதுவாக வந்தால் தள்ளக்கூடாது. மற்றபடி, ஒவ்வொரு இடிக்கும் ஒரு துண்டு இறைச்சி கொடுத்துப் பாருங்கள். வாங்கித் தின்றால் அந்த அளவுக்கு மூளை இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள்.

நாளைக்கான பேச்சு இது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர் 2020-இல் ஒரு கருத்தாய்வு வெளியிட்டார். நாய் வளர்க்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வாணவெடிப் பயத்துக்கு எது பலன் தந்தது என்று கேட்டிருந்தார். சத்தம் வரும்போதெல்லாம் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்துப் பழக்கியவர்களில் 70 சதவீதத்தினர் பலன் என்றார்கள். மருத்துவர் எழுதித்தந்த மருந்துக்கு 69 சதவீதம். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டைக்கு 44. மூலிகை, சப்ளிமென்ட், ஃபெரோமோன், ஹோமியோபதி எல்லாம் 27-இலிருந்து 35-க்குள். வெறும் மாவு மாத்திரை கொடுத்தாலும் ஏறக்குறைய அவ்வளவு பேர் பலன் என்றுதான் சொல்வார்கள். டப்பா வாங்குவதற்கு முன்பே இந்த எண்களை நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய நம் கண்ணுக்கு நாய் கொஞ்சம் அமைதியாகத்தான் தெரியும்.

இதற்குப் பிறகும் சப்ளிமென்ட் வேண்டும் என்றால் நான் பார்க்கும் பெயர்கள் மிகச் சில. ஆல்ஃபா-காசோசெபைன், பால் புரதத்திலிருந்து எடுப்பது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் என்று கணக்கு இருக்கிறது, தூக்கி வீழ்த்தாது. பால் புரத ஒவ்வாமை உள்ள நாய்க்கு மட்டும் யோசிக்க வேண்டும். அடுத்தது தனியாகப் பிரித்த எல்-தியானின். பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்ற நுண்ணுயிர்ப் பொடியும் உண்டு, ஆறு வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டியது. பாலூட்டும் தாய்நாயின் வாசனையைப் போலச் செய்த ஃபெரோமோன் கழுத்துப்பட்டை வயிற்றுக்குள்ளேயே போகாது, ஆகவே ஆபத்து இல்லை. இவற்றில் எதுவும் இடி கேட்டபிறகு கொடுத்துப் பயனில்லை. முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது. முதல் முறை கொடுப்பது வானம் வெளுத்திருக்கும் நாளாக, நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாக இருக்கட்டும். சில நாய்களுக்கு அமைதி மாத்திரையே ஆட்டத்தைக் கிளப்பிவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. தவிட்டிக்கு இந்தப் பயம் குட்டியிலிருந்தே உண்டா?


தவிட்டியின் ஆள்

இல்லை அக்கா. ஒன்றரை ஆண்டாகத்தான். அதற்கு முன் மழை பெய்தால் வராந்தாவில் மூக்கை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள்.


வால்நட்சத்திரம்

கட்டிலில் ஏறுகிறாளா?


தவிட்டியின் ஆள்

ஏறுவாள். இப்போது ஏறுவதில்லை. முன்னங்காலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், நான்தான் தூக்கிவிடுவேன். செல்லம் கூடிவிட்டது என்று நினைத்தேன். ஏன் கேட்கிறீர்கள்?


மூன்று நாய் வீடு

ஐயோ.


வால்நட்சத்திரம்

வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லத்தான். 2018-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. சத்தத்துக்குப் பயப்படும் இருபது நாய்கள். பாதிக்கு எலும்பு, தசை வலி இருந்தது, பாதிக்கு இல்லை. வலியுள்ள நாய்களில் பயம் சராசரியாக நான்கு ஆண்டுகள் போலத் தாமதித்துத் தொடங்கியிருந்தது. திடுக்கிடும்போது தசை இறுகும், ஏற்கெனவே வலிக்கும் இடத்தில் சுரீர் என்று இழுக்கும். நாய் இடியையும் வலியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். தவிட்டிக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. நடுவயதில் புதிதாக வந்த பயத்தைச் சோதிக்காமல் மாத்திரையால் மூடக்கூடாது என்கிறேன். உங்கள் வீட்டு வலிமாத்திரை எதையும் கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிடாதீர்கள். இபுபுரூஃபென், பாராசிட்டமால் இரண்டும் நாய்க்கு நஞ்சாகலாம்.

போகும்போது கட்டிலில் ஏற முயல்வதையும், படி இறங்குவதையும் காணொளி எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் மேசையில் எல்லா நாயும் நேராகத்தான் நிற்கும்.


புதுவரவு 7

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் நாய் தனியாக விட்டால் வீட்டைப் பிய்த்துப் போடுவான். ஃப்ளுவாக்ஸெடின் மூன்று வாரமாகக் கொடுக்கிறோம். அதோடு ஒரு அமைதி மாத்திரையும் சேர்க்கலாமா?


மருந்துச்சீட்டு

எழுதித்தந்த மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். ஃப்ளுவாக்ஸெடின் செரடோனினை ஏற்றி வைத்திருக்கும் மருந்து. அதன்மேல் 5-எச்டிபி, டிரிப்டோபேன், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை என்று எது சேர்ந்தாலும் மூன்று நாய் வீடு அம்மா எழுதியதைத் திரும்பப் படித்துக்கொள்ளுங்கள். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சில நாய்களுக்கு அதற்கு மேலும் ஆகும். பொறுங்கள்.


தவிட்டியின் ஆள்

பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவர் காணொளியை இரண்டு முறை பார்த்தார். இடுப்பை மெல்லப் பின்னுக்கு நீட்டியபோது தவிட்டி உதட்டை நக்கிக்கொண்டு, தலையைத் திருப்பி அவர் கையையே பார்த்தாள். கத்தவில்லை, கடிக்கவில்லை, அவ்வளவுதான் செய்தாள். எக்ஸ்-ரே எடுத்தார்கள். இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம், இடப்பக்கம் அதிகம். ரத்தத்தில் கல்லீரல், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு நாய்களுக்கான வலிமருந்து மூன்று வாரத்துக்கு. எடையையும் ஒரு கிலோ குறைக்கச் சொன்னார். நான் தூக்கிவிட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்னும் ஒருமாதிரி இருக்கிறது.

சப்ளிமென்ட் கேட்டேன். ஆல்ஃபா-காசோசெபைன் 225 மி.கி. ஒரு கேப்சூல் தினமும். 14 கிலோவுக்கு 210 வருகிறது, அதற்கு அடுத்த அளவு. "கெடுதல் இல்லை, மலையையும் புரட்டாது" என்றார். பெரிய இடிநாளுக்கென்று டிராசோடோன் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைத் தனியாக எழுதினார். எழுதும் முன் வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். முதல் டப்பாவின் படத்தைக் காட்டினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டிராசோடோனும் செரடோனினில் கை வைக்கும் மருந்தாம். "இதைக் கொடுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், நீங்கள் மூலிகைதானே என்று என்னிடம் சொல்லியும் இருக்கமாட்டீர்கள்" என்றார். உண்மை. சொல்லியிருக்கமாட்டேன்.

விற்றவர்களுக்கு எழுதி, கிரிஃபோனியா ஒரு மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்டேன். "எங்கள் கலவை நூறு சதவீதம் இயற்கை" என்று பதில் வந்தது. இரண்டாம் முறை கேட்டதற்குத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது.


ஈரமூக்கு

என் பொடியிலும் ஹாப்ஸ் இருந்தது. ஆறாவது வரி. கண்ணாடி இல்லாமல் படித்திருக்கிறேன் இத்தனை நாளும். குப்பையில் போட்டுவிட்டேன். நாயின் உடம்புக்கு இதுவரை ஒன்றும் இல்லை, கொடுத்த அளவு அத்தனை சின்னது போலிருக்கிறது. அது ஒன்றும் செய்யவில்லை என்பதும் அதனால்தானோ என்னவோ.


மருந்துச்சீட்டு

இத்தனை பேர் முன்னால் இப்படி எழுத மனம் வேண்டும் ஐயா. தவிட்டியின் ஆள், டிராசோடோனை ஒரு வெயில் நாளில் சோதித்துப் பாருங்கள். வலிக்கும் பதற்றத்துக்கும் தரும் காபாபென்டின் மருந்தை எப்போதாவது எழுதித்தந்தால் மனிதர்களுக்கான திரவமாக வாங்காதீர்கள், சிலவற்றில் சைலிட்டால் உண்டு.


தவிட்டியின் ஆள்

சோதித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் கண் சொக்கியது. நடை கொஞ்சம் அகலமானது, கூப்பிட்டால் வந்தாள், தட்டை நக்கித் துடைத்தாள். வாந்தி இல்லை. மாலைக்குள் பழையபடி. நேரம், அளவு, நடை, பசி எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.


தவிட்டியின் ஆள்

ஐந்து வாரம். நேற்று நல்ல இடி.

மழை வாசனை வந்ததுமே டிராசோடோன் கொடுத்தேன். குளியலறைக்குப் போனாள், அது மாறவில்லை. ஊளை சொன்னபடி வாளியை எப்போதோ வெளியே எடுத்துவிட்டேன், ஆகவே இப்போது வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில். மூச்சிரைத்தது. நடுங்கினாள், ஆனால் நின்று நின்று நடுங்கினாள். நான் போர்வையில் உட்கார்ந்து ஒவ்வொரு இடிக்கும் ஒரு துண்டு நீட்டினேன். முதல் ஏழு துண்டுகள் தரையில் கிடந்தன. எட்டாவதை வாங்கினாள். பிறகு கீழே கிடந்த ஏழையும் தேடித் தின்றாள்.

மழை நின்று பத்து நிமிடத்தில் வெளியே வந்து உடம்பை ஒரு உதறு உதறினாள். எது வேலை செய்தது என்று கேட்காதீர்கள்: வலிமருந்தா, பால் புரதமா, டிராசோடோனா, கோழித் துண்டா. அக்கா ஒன்று ஒன்றாகத் தொடங்கச் சொன்னார், மருத்துவர் மூன்றையும் சேர்த்து எழுதினார். அடுத்த மாதம் பால் புரதத்தை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு படி செய்து போட்டேன். அதில் ஏறமாட்டேன் என்கிறாள். முன்னங்காலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.


ஊளை

இதற்குப் பெயர் செல்லம். இதற்கு மாத்திரை இல்லை.